நன்றாகப் பாடம் நடத்துகிறோமா என்று எதை வைத்துச் சொல்வது?

மூன்றாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து இது இரண்டாவது வருடம். ஈராசிரியர் பள்ளி, மொத்தம் 34 பிள்ளைகள். நான்கையும் ஐந்தையும் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார், ஒன்று முதல் மூன்று வரை 19 பேர் என்னிடம். ஒரே அறை, ஒரே பலகை.

போன வாரம் ஆய்வுக்கு வந்தார்கள். பாடக்குறிப்பு கேட்டார்கள், கொடுத்தேன். எமிஸ் என்கிற கல்வித் துறை இணையப் பதிவில் வருகை போட்டாயிற்றா என்று பார்த்தார்கள், போட்டிருந்தேன். சுவரில் ஒட்டிய படங்கள், துணைக்கருவிப் பெட்டி, கையெழுத்து நோட்டில் திருத்தம், எல்லாவற்றையும் பார்த்தார்கள். இரண்டு நோட்டில் திருத்தியதற்குக் கீழே தேதி போடவில்லை என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். அப்புறம் வகுப்பில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். அவன் தடங்கல் இல்லாமல் ஒரு பக்கம் முழுக்க வாசித்தான். "வாசிப்பு நன்று" என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அந்தப் பையனுக்கு வாசிக்கத் தெரியாது. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவன் விரல் மூன்றாவது வரியில் இருந்தது, வாய் ஆறாவது வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருக்கிறவர்கள் வாசித்து வாசித்து அவனுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் என்னால் வாய் திறக்க முடியவில்லை, அது இன்று வரை உறுத்துகிறது.

இன்னொரு பக்கம், ஜூனில் வரும்போது ஒரு எழுத்துகூடத் தெரியாத ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். இரண்டாம் வகுப்பு, எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைப் பிரிக்கிறபடி அரும்பு, அதாவது ஆரம்ப நிலை. அவள் இப்போது பலகையில் 'மாடு', 'பாட்டி' என்று எழுதினால் எழுத்தைக் கூட்டி வாசிக்கிறாள். அதற்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் அவளை யாரும் எழுப்பவே இல்லை, எந்தப் பதிவேட்டிலும் அவள் வந்த தூரம் தெரியாது.

ஆக, என் வேலையில் சரியில்லாத ஒன்றுக்குப் பாராட்டு கிடைத்தது, சரியாகச் செய்த ஒன்று கண்ணிலேயே படவில்லை. என் கேள்வி இதுதான். நல்ல ஆசிரியர் என்று சொல்வதற்கு உண்மையிலேயே ஏதாவது தரம், அளவுகோல் இருக்கிறதா? சட்டத்தில், பாடத்திட்டத்தில், எங்காவது? அனுபவம் உள்ளவர்கள் உங்களை நீங்களே எதை வைத்துப் பார்த்துக்கொள்வீர்கள்? ஆய்வை எப்படிச் சமாளிப்பது என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குள் நுழையும்போது எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரிய வேண்டும்.

---

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் எழுதியது:

டீச்சர், முதலில் ஒன்று சொல்கிறேன். விரல் ஒரு வரியிலும் வாய் ஒரு வரியிலும் இருந்ததை நீங்கள் பார்த்தீர்கள் பாருங்கள், அதைவிடப் பெரிய தகுதி இந்த வேலைக்கு இல்லை. 36 வருடம் இதே வேலையில் இருந்தவன் சொல்கிறேன், அது பல பேர் கண்ணில் படுவதே இல்லை. என் கண்ணிலும் பல வருடம் படவில்லை.

அந்தப் பையனுக்குச் செய்ய வேண்டியது சுலபம். பாடத்தை மேலிருந்து கீழே வாசிக்கச் சொல்லாதீர்கள். கடைசி வரியை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள், நடுவில் ஒரு சொல்லைக் காட்டி இது என்ன என்று கேளுங்கள், படத்தைக் கையால் மறைத்துவிட்டுக் கேளுங்கள். அவனுக்குத் தெரிந்த சொற்களை வைத்தே புத்தகத்தில் இல்லாத இரண்டு வரியை நீங்களே பலகையில் எழுதுங்கள். அதைப் படிக்கிறானா என்று பாருங்கள். அவன் எங்கே நிற்கிறான் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் தனியாகக் கூப்பிட்டுச் செய்யுங்கள், மற்ற பிள்ளைகள் முன்னால் வேண்டாம். இத்தனை நாள் மனப்பாடத்தைப் பிடித்துக்கொண்டு மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த பிள்ளை அவன்.

கணக்கில் இன்னும் அதிகம் ஏமாறுவோம். 42-இல் 17 போனால் எத்தனை என்று போட்டிருப்பேன். ஒரு பிள்ளை 35 என்று எழுதியிருப்பான். சிவப்பு மையில் தப்புப் போட்டு, சரியான விடையையும் நானே எழுதிவிட்டு அடுத்த நோட்டை எடுப்பேன். பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஒருநாள் ஒரு பையனைக் கூப்பிட்டு "எப்படிப்பா போட்ட?" என்று கேட்டேன். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு சார், நாலுல ஒண்ணு போனா மூணு" என்றான். அவன் கவனக்குறைவாகப் போடவில்லை. எந்த எண் பெரிதோ அதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று ஒரு விதியையே வைத்திருக்கிறான், அதன்படி ஒழுங்காகப் போட்டிருக்கிறான். 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்று ஒன்றாம் வகுப்பில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்கு அதே வகுப்பில் எத்தனை பேர் 35 எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர். மறுநாள் பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சியைக் கையில் கொடுத்து, 42 குச்சியிலிருந்து 17-ஐ எடுத்துக் கொடு என்றேன். இரண்டு குச்சிதான் தனியாக இருக்கிறது, ஏழு வேண்டும், என்ன செய்வது என்று அவன் ஒரு கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு ரப்பர் பேண்டைக் கழற்றினான். அந்தக் கழற்றல்தான் பாடம். 'கடன் வாங்குவது' என்று நான் பலகையில் நூறு முறை சொன்னது அதன் பக்கத்தில்கூட வராது.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதையும் சொல்ல வேண்டும். மேரி பட் ரோ என்று அமெரிக்காவில் ஓர் அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டிருக்கிறார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார், உடனே வேறு பிள்ளையைக் கேட்டுவிடுகிறார் அல்லது தானே சொல்லிவிடுகிறார். மூன்று விநாடி பொறுத்தால் பதில் நீளமாகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று எழுதினார். இதைப் பயிற்சியில் கேட்டுவிட்டு வந்து மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பார்த்தேன். மூன்று விநாடி வகுப்பில் எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

நீங்கள் கேட்ட அளவுகோலுக்கு வருகிறேன். நான் கடைசி பத்துப் பன்னிரண்டு வருடம் ஒன்றைச் செய்தேன். மாலை மணி அடித்து எல்லோரும் போன பிறகு வருகைப் பதிவேட்டைத் திறப்பேன். ஒவ்வொரு பெயராகப் படித்து, இந்தப் பிள்ளை இன்று எதைக் கற்றுக்கொண்டது, எங்கே மாட்டிக்கொண்டது என்று எனக்கு நானே ஒரு வாக்கியம் சொல்வேன். சில பெயருக்கு ஒன்றுமே வராது. அந்தப் பிள்ளை நாள் முழுக்க என் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. அந்தப் பெயருக்கு நேராக பென்சிலில் ஒரு புள்ளி வைப்பேன். மறுநாள் முதல் கேள்வி அந்தப் பிள்ளைக்குத்தான். எழுதிய தரம், அச்சடித்த தரம் எல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு இருந்தது அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கைதான்.

---

வளமையம் எழுதியது:

நான் வட்டார வளமையத்தில் ஆசிரியர் பயிற்றுநர். ஐயா சொன்னதை மறுப்பதற்கு ஒன்றுமில்லை. டீச்சர் கேட்ட 'சட்டத்தில் இருக்கிறதா' என்பதற்குப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நிறைய பேருக்கு இது தெரியவில்லை.

இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 24. ஆசிரியரின் கடமைகள் என்று சில வரிகள்தான். ஒழுங்காக, நேரத்துக்குப் பள்ளிக்கு வருவது, பாடத்திட்டத்தைக் காலத்துக்குள் முடிப்பது. அப்புறம் ஒரு வரி வருகிறது, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு அதற்கேற்ப தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பது. 'ஒவ்வொரு குழந்தையின்' என்றுதான் இருக்கிறது, வகுப்பின் சராசரி என்று இல்லை. அடுத்து, பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிச் சொல்வது. அரும்பு நிலையில் இருந்த அந்தப் பெண் குழந்தைக்கு நீங்கள் செய்தது இந்தச் சட்டக் கடமைதான். யாரும் குறிப்பேட்டில் எழுதாவிட்டாலும் அது உங்கள் வேலையின் மையத்தில் இருக்கிற விஷயம்.

அதே சட்டத்தின் அட்டவணையில் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் வேலை என்று இருக்கிறது, தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து. அதாவது நாளைக்கு என்ன செய்வது என்று யோசிக்கிற நேரமும் வேலை நேரம்தான் என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. பிரிவு 27 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தனி இழை போட வேண்டும்.

தரநிலை என்ற பெயரிலேயே ஒன்றும் வந்திருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையில் ஆசிரியர்களுக்கான தேசியத் தொழில்முறைத் தரநிலைகள் என்று ஒன்றை உருவாக்கச் சொன்னார்கள், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அதைத் தயாரித்தது. அடிப்படை விழுமியங்களும் அறநெறியும், தொழில் அறிவும் நடைமுறையும், தொழில் வளர்ச்சி என்று மூன்று பெரிய தலைப்புகள். வருடத்துக்கு 50 மணி நேரம் தொடர் பயிற்சி என்பதும் அந்தக் கொள்கையில் உள்ளதுதான். அந்தக் கொள்கையின் மீது நம் மாநிலத்துக்கு உள்ள எதிர்ப்பு எல்லோருக்கும் தெரியும், அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிற பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்றதிலிருந்து எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. ஆனால் 150 கொள்குறி வினா, ஒருவருக்கு என்ன தெரியும் என்று ஓரளவு சொல்லும். 35 என்று எழுதிய பையனிடம் எப்படிப் போட்டாய் என்று கேட்பாரா என்பதை அது சொல்லாது.

பாடக்குறிப்பை மட்டும் தூக்கி எறியாதீர்கள். நான் பள்ளிகளுக்குப் போகும்போது பார்க்கிறேன், பழைய குறிப்பைப் பார்த்து எழுதியது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நல்ல குறிப்பு என்றால் ஓரத்தில் கிறுக்கியிருக்கும். 'இது புரியவில்லை, நாளை குச்சியை வைத்து' என்று மாலையில் எழுதிய ஒரு வரி போதும். பயிற்சிக்கு வந்தவர்களிடம் நான் இதை மட்டும்தான் வற்புறுத்துகிறேன். ஆய்வுக்கு வருகிறவர்களிடமும் அந்த ஓரத்தைக் காட்டுங்கள், பலர் நின்று படிப்பார்கள்.

---

மூன்றாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. ஐயா, தீக்குச்சி விஷயத்தைப் படித்துவிட்டு என் நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். என் மூன்றாம் வகுப்பில் ஏழு பேர்தான், அதில் மூன்று பேர் அதே மாதிரி கழித்திருக்கிறார்கள். நானும் தப்புப் போட்டுச் சரியான விடையை எழுதித்தான் கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல். மூன்று வகுப்பும் ஒன்றாக இருக்கும்போது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசினால் மற்ற 18 பேரும் என்ன செய்வார்கள்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பத்து நிமிடம்கூடத் தனியாக விட முடியாது.

---

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் எழுதியது:

எல்லோரையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள், ஒரு நாளைக்கு இரண்டு பேர். மூன்றாம் வகுப்புப் பிள்ளையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பக்கத்தில் உட்கார வைத்துக் கதை சொல்லச் சொல்லுங்கள். மணலில் எழுதுவது, விதையை எண்ணிக் குவிப்பது மாதிரி கை வேலை கொடுத்தால் பதினைந்து நிமிடம் ஓடும். செயல்வழிக் கற்றல் இருந்த காலத்தில் பிள்ளை தானே எடுத்துச் செய்யும் அட்டைகள், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணி எல்லாம் இருந்தது, நிறைய பேர் குறை சொன்னார்கள், எனக்கும் குறை இருந்தது. ஆனால் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு வேலையை எடுத்துச் செய்யப் பழகினார்கள், நமக்கு ஒரு பிள்ளையோடு உட்கார நேரம் கிடைத்தது. பழக்குவதற்கு ஒரு மாதம் ஆகும், அந்த ஒரு மாதம் சத்தமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

---

இரண்டாம் வகுப்பு அம்மா எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை, ஒரு பெற்றோர். நடுவில் வருவதற்கு மன்னிக்கவும்.

போன வருடம் வரை பள்ளிக்குக் கூப்பிட்டால் "நல்லா படிக்கிறா, இன்னும் கொஞ்சம் கவனம் வேணும்" என்பார்கள். நாங்களும் தலையை ஆட்டிவிட்டு வருவோம். வீட்டுக்கு வந்து என்ன கவனம், எதில் கவனம் என்று யோசித்தால் ஒன்றும் புரியாது, அவளைத் திட்டுவதுதான் நடக்கும். இந்த வருட டீச்சர் வேறு மாதிரி சொன்னார். "கூட்டல் கழித்தல் போட்டுடுறா. கதைக் கணக்கு வந்தா கூட்டணுமா கழிக்கணுமான்னு தெரியாம என் முகத்தையே பாக்குறா. கடைக்குக் கூட்டிட்டுப் போனா, அம்பது ரூபா குடுத்தோம், முப்பத்தி ரெண்டு ரூபாய்க்கு வாங்கினோம், மீதி எவ்வளவு வரணும்னு அவகிட்ட கேளுங்க." அவ்வளவுதான். அன்று சாயங்காலமே கேட்டேன். முதல் நாள் கடைக்காரர் கொடுத்த காசை எண்ணிச் சொன்னாள். இப்போது கடைக்காரர் கொடுப்பதற்கு முன்னாலேயே சொல்கிறாள்.

எனக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் அந்த டீச்சர் என் பெண்ணை நன்றாகப் பார்த்திருக்கிறார் என்பது அந்த ஒரு பேச்சிலேயே தெரிந்தது. உங்கள் அந்தப் பெண் குழந்தையின் அம்மாவுக்கு அவள் வாசிக்கத் தொடங்கியதைச் சொல்லிவிட்டீர்களா டீச்சர்? சொல்லாவிட்டால் தயவுசெய்து சொல்லுங்கள்.

---

லண்டன் பள்ளிக்கூடம் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது லண்டனில் ஆரம்பப் பள்ளியில் படிப்பிக்கிறேன். இங்கே எழுதி வைத்த தரம் இருக்கிறது, 2012 செப்டம்பரில் இருந்து நடைமுறையில் உள்ளது. படிப்பித்தல் பற்றி எட்டு, அதோடு ஆசிரியரின் சொந்த நடத்தை பற்றி ஒரு பகுதி. பிள்ளைகளிடம் உயர்ந்த எதிர்பார்ப்பு வைப்பது, பாடத்தை ஆழமாகத் தெரிந்திருப்பது, ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கும் ஏற்றபடி மாற்றிப் படிப்பிப்பது, மதிப்பீட்டைச் சரியாகப் பயன்படுத்துவது, இப்படி. வாசித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தத் தாள் என்னை ஆசிரியை ஆக்கவில்லை. நான் சேர்ந்த காலத்தில் எனக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியை கிடைத்தார். வாரம் ஒருக்கால் என் வகுப்பின் பின்னால் வந்து இருப்பார், என்னைப் பார்க்கமாட்டார், பிள்ளைகளைத்தான் பார்ப்பார். பின்னேரம் கதைக்கும்போது "ஜன்னல் பக்கம் இருந்த மூன்று பேரிடம் நீ இன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை" என்பார். ஒரு கிழமைக்கு ஒரு விஷயம்தான் தருவார், அடுத்த கிழமை அதை மட்டும்தான் பார்ப்பார். இங்கே 2021-இல் இருந்து புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு இரண்டு வருடம் இப்படி வழிகாட்டி கட்டாயம், முதல் வருடம் பாட நேரத்தில் நூற்றுக்குப் பத்து வீதம் குறைத்துக் கொடுக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டு அந்த ஆசிரியருக்கு ஒரு தரப்புள்ளி போட்டுவிட்டுப் போவார்கள். 2014 அளவில் தனித்தனிப் பாடத்துக்குத் தரம் போடுவதை இங்கே நிறுத்திவிட்டார்கள். ஒரு பாடத்தைப் பார்த்து ஒரு ஆசிரியரை அளக்கேலாது என்பதை ஒத்துக்கொள்ள இங்கேயே அவ்வளவு காலம் எடுத்தது. ஆகவே உங்கள் பத்து நிமிடத்தை நெஞ்சில் வைத்திருக்காதீர்கள் டீச்சர். முடிந்தால் பக்கத்துப் பள்ளியில் உங்களைப் போல ஒருவரைப் பிடியுங்கள், மாதம் ஒருக்கால் நீங்கள் அவருடைய வகுப்பில், அவர் உங்களுடைய வகுப்பில்.

---

மூன்றாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பக்கத்து ஊர் டீச்சர் ஒருவரிடம் கேட்டேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தலைமையாசிரியரும் சரி என்றார்.

ஐயா சொன்ன மாதிரி திங்கட்கிழமை மாலை வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். 19 பெயரில் எட்டுப் பெயருக்கு ஒரு வாக்கியம்கூட வரவில்லை. எட்டில் ஆறு பேர் வகுப்பில் வாயே திறக்காத அமைதியான பிள்ளைகள், எந்தத் தொந்தரவும் தராதவர்கள். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நேற்று அது ஐந்தாகக் குறைந்தது, இன்று மறுபடியும் ஆறு.

அம்மா, அந்தப் பெண் குழந்தையின் தாயார் நூறு நாள் வேலைக்குப் போகிறவர், பள்ளி நேரத்தில் வர முடியாது. புதன்கிழமை சாயங்காலம் நானே வீட்டுக்குப் போனேன். ரேஷன் அட்டையை எடுத்துக் காட்டி அவள் பெயரை அவளையே வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். அப்புறம் கீழே இருந்த அவள் பாட்டி பெயரையும் யாரும் கேட்காமலேயே வாசித்தாள்.

மனப்பாடப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு 'கொடி' என்று எழுதிக் காட்டினேன். 'கெரடி' என்றான். ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. அப்புறம் தெரிந்தது, ஒற்றைக்கொம்பையும் ககரத்தையும் சேர்த்துக் 'கெ' என்று படித்துவிட்டு, பின்னால் இருக்கிற துணைக்காலை 'ர' என்று படித்திருக்கிறான். 'காடு', 'மாடு' எல்லாம் சரியாகச் சொல்கிறான், கொம்பும் காலும் இரண்டு பக்கமும் வந்தால்தான் தடுமாறுகிறான். மூன்றாம் வகுப்பு வரை அவனுக்கு இது ஒன்றுதான் தெரியாமல் இருந்திருக்கிறது, அதற்காக முழுப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறான். கொம்பு ஒரு அட்டை, எழுத்து ஒரு அட்டை, கால் ஒரு அட்டை என்று வெட்டிக் கொடுத்து அவனையே சேர்த்து வைக்கச் சொன்னேன். கொ, மொ, தொ வந்துவிட்டது. நாளைக்கு இரட்டைக்கொம்பை எடுக்கிறேன்.